பொழுது போகவில்லையா, போதவில்லையா?

சென்ற மாதம் ஒரு வாசகி, "வேலைக்குப் போகிறவர்களுக்கு ஹாபி அவசியமா?" என்று கேட்டிருந்தார். "அவசியமில்லை, இருந்தால் நல்லது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்காக வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் செய்திகளும் மேசையில் குவிந்துவிட்டன. பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள். சரி, இந்த மாதம் முழுக்க அதையே பேசுவோம். எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன். பல கடிதங்களில் கேள்வியைவிட வீட்டுச் சண்டைதான் அதிகம்.

*

பெண் பார்க்கப் போன வீட்டில் "தம்பிக்கு ஹாபி என்ன?" என்று கேட்டார்கள். எனக்கு ஒன்றும் கிடையாது. "புத்தகம் படிப்பேன், பாட்டு கேட்பேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வயது 31. காலை ஒன்பதரைக்கு லாகின், ராத்திரி அமெரிக்காக்காரர்களோடு கால், ஞாயிறு முழுக்கத் தூக்கம். என்னிடம் ஏதாவது குறை இருக்கிறதா?
— வாசகர், சோழிங்கநல்லூர்

இந்தப் பொய்யை நானும் சொல்லியிருக்கிறேன், தம்பி. 1983-ல் வங்கி நேர்முகத் தேர்வில் இதே கேள்வி வந்தது. "தபால்தலை சேகரிப்பு" என்றேன். அப்போது என்னிடம் மொத்தம் 11 தபால்தலை இருந்தது. அதில் ஒன்று ரெவின்யூ ஸ்டாம்ப். உண்மையில் நான் செய்துகொண்டிருந்தது சிற்றலை வானொலி கேட்பது, அதாவது ஷார்ட்வேவில் வெளிநாட்டு நிலையங்களைக் கேட்பது. மாஸ்கோவும் பீகிங்கும் கேட்பேன் என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம். பாபநாசத்தில் எங்கள் தெருவுக்கு வரும் போஸ்ட்மேனே, மாஸ்கோ முத்திரை போட்ட உறையைக் கொடுக்கும்போது, "என்ன தம்பி, கட்சியில சேந்துட்டியா?" என்று கேட்டவர்தான்.

தூக்கம் பாக்கி இருந்தால் முதலில் தூங்குங்கள். ஐந்து நாள் ராத்திரி கால் எடுத்தவர் ஞாயிற்றுக்கிழமை தூங்குவதில் ஒரு குற்றமும் இல்லை. நம் மொழியில் ஹாபிக்கு இருக்கும் சொல்லே கொஞ்சம் சிக்கலானது. பொழுதுபோக்கு. பொழுது போகாமல் கிடந்தவர்களுக்காகச் செய்த சொல் மாதிரி இருக்கிறது. என் பாட்டிக்கு மத்தியானம் பொழுது போகாது, தாயக்கட்டையை உருட்டுவார். உங்களுக்குப் பொழுது போதவில்லை. போதாத இடத்தில் எதைப் போக்குவது?

ஆனாலும் கடிதத்தின் கடைசியில் "ஏதாவது செய்ய வேண்டும் போல இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் ஒரு யோசனை. பள்ளிக்கூடத்தில் எதற்காக அடிக்கடி திட்டு வாங்கினீர்கள்? நோட்டின் பின்பக்கம் படம் போட்டதற்கா, பல்பைக் கழற்றிப் பார்த்ததற்கா, ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்ததற்கா? நான் பரீட்சைக்கு முந்தின ராத்திரி ரேடியோ முள்ளைத் திருப்பியதற்காக அப்பாவிடம் அடி வாங்கினேன். அடி வாங்கியும் விடாமல் செய்தது எதுவோ, அதில் தேடுங்கள். யூடியூபில் "பத்து சிறந்த ஹாபிகள்" என்று தேடினால் கிடைக்காது.

அளவில் சின்னதாக எடுங்கள். தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். ஓர் இடத்தில் 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் குறித்து இபேர்ட் செயலியில் ஏற்றினால் போதும். மொட்டைமாடியிலேயே செய்யலாம். காக்கையும் கணக்குதான். நீங்கள் இருக்கும் பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இருக்கிறது, உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம். ரேடியல் ரோடு அதை வெட்டிக்கொண்டுதான் போகிறது. கேப் அங்கே டிராஃபிக்கில் நிற்கும்போது ஒரு நாள் போனைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். பறவையைப் பார்த்து ஒன்றுமே தோன்றவில்லை என்றால் விட்டுவிடுங்கள். நான் சொன்னதற்காகப் பறவை பார்த்தால் அது இன்னொரு ஆபீஸ் வேலை.

*

ரீல்ஸ் பார்ப்பது ஹாபியா சார்?
— கல்லூரி மாணவி, சேலம்

நேற்று பார்த்ததில் மூன்றைச் சொல்லம்மா. சொல்ல முடிந்தால் ஹாபிதான்.

*

கொரோனா சமயத்தில் ஆரி ஒர்க் கற்றுக்கொண்டேன். குழந்தைகள் தூங்கிய பிறகு ஃப்ரேம் முன்னால் உட்கார்ந்தால் மனசு நிம்மதியாகிவிடும். "ஒரு பிளவுசுக்கு மூவாயிரம் வாங்கலாமே, ஏன் சும்மா செய்கிறாய்?" என்கிறார் நாத்தனார். கணவர் இன்ஸ்டாகிராமில் பேஜே ஆரம்பித்துவிட்டார். இரண்டு ஆர்டரும் வந்துவிட்டது. ஆனால் இப்போது ஊசியை எடுக்கவே பிடிக்கவில்லை. நான் சோம்பேறியா?
— வாசகி, ஈரோடு

சோம்பேறி ராத்திரி பதினொரு மணிக்கு மணி கோத்துச் சங்கிலித் தையல் போடமாட்டார்.

காசு வாங்குவது தப்பு என்று சொல்லும் ஆள் நான் இல்லை. 'கலையை விற்கக் கூடாது' என்று சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மாதச் சம்பளம் வருகிறது. ஆனால் ஆர்டர் வந்ததும் என்ன மாறியது என்று பாருங்கள். முன்பு நூலின் நிறம் உங்கள் இஷ்டம். இப்போது அது பட்டுப்புடவையின் பார்டரைப் பொறுத்தது. முன்பு மயில் கழுத்தில் பாதியில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போகலாம். இப்போது முகூர்த்த நாள் நிற்கிறது. ஊசி அதேதான். கேட்க ஆள் வந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு ஆர்டரையும் முடித்துக் கொடுத்துவிடுங்கள், கல்யாண வீட்டை ஏமாற்ற வேண்டாம். அதற்குப் பிறகு தொடர்வதா என்பதை நாத்தனாரும் கணவரும் இல்லாத நேரத்தில் முடிவு செய்யுங்கள். தொடர்ந்தால் ஒன்று கவனியுங்கள். அந்த இன்ஸ்டாகிராம் பேஜில் கூகுள் பே எண் யாருடையது? உங்களுடையது இல்லையென்றால் இன்றைக்கே மாற்றுங்கள். அப்புறம், யாருக்கும் தராத, எப்போது முடியும் என்று யாரும் கேட்காத ஒரு துணியை இன்னொரு ஃப்ரேமில் மாட்டி வையுங்கள். அதைப் படம் எடுத்துப் போடவும் விடாதீர்கள்.

*

பறவைகளைப் படம் எடுப்பது என் உயிர். வாரம் முழுக்க மில்லில் வேலை, ஞாயிறு ஒரு நாள்தான். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் மதியம் இரண்டுக்கு வருவேன். மாதம் ஒரு தடவை வால்பாறை, இருவாச்சிக்காக. ஒன்றரை லட்ச ரூபாய் லென்ஸ் கடனுக்கு வாங்கியதிலிருந்து மனைவி பேசுவதில்லை. "உங்களுக்குக் கல்யாணம் எதுக்கு?" என்கிறார். குடி, சிகரெட் எதுவும் இல்லாதவன் நான். என் மனைவிக்கு இதைப் புரிய வைப்பது எப்படி?
— வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் முழுக் கடிதம் மூன்று பக்கம். அதில் மனைவி ஏழு இடத்தில் வருகிறார். அவருக்கு என்ன செய்யப் பிடிக்கும் என்பது ஓர் இடத்திலும் இல்லை. இதைக் குத்திக்காட்டும் தகுதி எனக்கு இல்லை. எப்படி என்று சொல்கிறேன்.

சிற்றலை கேட்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நிகழ்ச்சி எந்த அளவுக்குத் தெளிவாகக் கேட்டது என்று ஓர் அறிக்கை எழுதி நிலையத்துக்கு அனுப்புவோம். அவர்கள் அதைச் சரிபார்த்து ஒரு படம் போட்ட அட்டை அனுப்புவார்கள், கியூஎஸ்எல் கார்டு என்று பெயர். அறிக்கையில் ஐந்து எண் போட வேண்டும்: சிக்னலின் வலு, குறுக்கீடு, இரைச்சல், அலையின் ஏற்ற இறக்கம், மொத்தத்தில் எப்படி. ஐந்துக்கு ஐந்து என்றால் அருமை. மணிலாவிலிருந்து வேரித்தாஸ், சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு, ரேடியோ ஜப்பான் என்று ஒரு பிஸ்கட் டின் நிறைய வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக பிபிசி தமிழோசை. இரவு 9.15.

அந்த ஒன்பதே கால் எந்த நேரம் என்று யோசியுங்கள். இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சாப்பாடு முடிந்து, தட்டு கழுவி, பால் உறை ஊற்றி, பாய் போட்டு, "தண்ணி வேணும்", "ஒண்ணுக்கு வருது" என்று பிள்ளைகள் படுத்தும் நேரம். என் மனைவி கணக்கு டீச்சர். மறுநாளைக்குத் திருத்த வேண்டிய நோட்டுகள் வேறு இருக்கும். ஒன்பது பத்துக்கே இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கொல்லைப்பக்க அறைக்குப் போய்விடுவார். "அப்பா ரேடியோ கேக்கறார், சத்தம் போடாதீங்க." நான் முன்னறையில் அறிக்கை எழுதுவேன். குறுக்கீடு என்ற இடத்தில் பல நாள் 5, அதாவது குறுக்கீடே இல்லை என்று போட்டேன். அந்த எண் வேறு நிலையங்களின் குறுக்கீட்டைத்தான் குறிக்கும். ஆனாலும் அந்த 5-ல் பாதி யாருடைய உழைப்பு என்பது எனக்குப் பல வருஷம் தோன்றவே இல்லை.

2016-ல் வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தோம். ஒரு வயலின் பெட்டி இறங்கியது. கல்யாணத்துக்கு முன் என் மனைவி கர்நாடக சங்கீதத்தில் வர்ணம் வரை கற்றிருந்தார், எனக்குத் தெரியும். தெரிந்ததை மறந்திருந்தேன். திறந்தால் வில்லில் இருந்த குதிரைமுடியைப் பூச்சி தின்றிருந்தது. இரண்டு தந்தி இல்லை. "இது எப்ப மேல போச்சு?" என்று கேட்டேன். "பெரியவன் பொறந்த வருஷம்" என்றார். பெரியவன் பிறந்தது 1991. அன்றைக்கு ராத்திரி பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தேன். கார்டின் பின்னால் தேதி எழுதி வைக்கும் வழக்கம் எனக்கு. 1991-ல் மட்டும் 41 கார்டு.

குடி, சிகரெட் இல்லாதவன் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்வேன். நமக்கு நேரம் வானத்திலிருந்து விழுவதில்லை சார். வீட்டில் இன்னொருவர் தருகிறார். 2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க மக்கள் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. தங்கள் வீட்டு வேலையைச் செய்யும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவழித்தார்கள். ஆண்களுக்கு 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களை மட்டும் எடுத்த சராசரி. அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். இருவாச்சியைப் பார்க்க நீங்கள் போகும் அந்த ஞாயிறு இந்த 299-க்குள்ளேயிருந்துதான் வருகிறது.

லென்ஸை விற்கச் சொல்ல மாட்டேன். புரிய வைக்கும் வேலையை மட்டும் விட்டுவிடுங்கள். ஒரு ஞாயிறு உங்களுடையது, அடுத்த ஞாயிறு அவருடையது. அவருடைய ஞாயிறு என்றால் காலை காப்பியிலிருந்து மதியச் சாப்பாடு வரை நீங்கள். சர்க்கரை டப்பா எங்கே என்று போன் பண்ணக் கூடாது. அவர் அந்த நேரத்தில் எங்கேயும் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். "ஏதாவது உருப்படியா செஞ்சிருக்கலாமே" என்று சொன்னீர்களானால் அடுத்த வாரம் அவர் பேசாதது எனக்கு ஆச்சரியமாக இருக்காது. சிங்காநல்லூர் குளத்துக்கு நடுவாரத்தில் மில்லுக்குப் போகிற வழியில் அரை மணி நேரம் போகலாம். மீன்கொத்தி அங்கேயும் இருக்கிறது, கடன் கேட்காது.

*

ஹாபி எல்லாம் காசு இருக்கிறவனுக்கு சார். எங்களை மாதிரி ஆளுக்கு ஏது?
— ஆட்டோ ஓட்டும் வாசகர், வியாசர்பாடி

பாதி ஒத்துக்கொள்கிறேன். காசைவிட நேரத்தில்தான் உங்கள் பேச்சு உண்மை. சம்பளக்காரனான எனக்கு ஞாயிறு சும்மா கிடைத்தது, வேலை செய்யாவிட்டாலும் சம்பளம் வரும். உங்களுக்கு ஞாயிறும் மீட்டர். வண்டியை ஓரம் கட்டினால் அந்த ஒரு மணி நேரத்துக்கு விலை இருக்கிறது.

மீதிப் பாதியை வியாசர்பாடியில் இருந்துகொண்டு நீங்கள் கேட்பதுதான் வேடிக்கை. வடசென்னையில் தெருவுக்குத் தெரு கேரம் போர்டு. மேலே ஒரு பல்பு, ஒரு டப்பா பவுடர், சுற்றி பதினைந்து பேர், அதில் பதினொரு பேர் ஆடாமல் யோசனை மட்டும் சொல்கிறவர்கள். உலக கேரம் சாம்பியன் மரிய இருதயம் சென்னைக்காரர்தான். 1991-லும் 1995-லும் பட்டம் வென்று, கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கியவர். மாடியில் பந்தயப் புறா வளர்க்கிறவர்களை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நமக்கு வழக்கம் என்னவென்றால், இங்கிலீஷில் பேர் இருந்தால் ஹாபி, இல்லாவிட்டால் "அவனுக்குப் புறாக் கிறுக்கு". அந்தக் கிறுக்கு உங்களுக்கு எதில் என்று எழுதவில்லையே? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

*

வயது 54. வீணை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். கூட உட்காருவது எட்டு வயசுக் குழந்தைகள். ஆசிரியைக்கு என் மகள் வயது. சரளி வரிசையிலேயே விரல் கிழிகிறது. குழந்தைகள் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். நின்றுவிடலாமா என்று வெட்கமாக இருக்கிறது.
— வாசகி, திருநெல்வேலி

விரல் வலி கொஞ்ச நாளில் போகும் என்று வீணைக்காரர்கள் சொல்கிறார்கள். இடது கை விரலில் காய்ப்பு விழுந்துவிடும். வாசிப்பதற்கு முன் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்ளுங்கள், தந்தியில் விரல் வழுக்கிப் போகும்.

வெட்கத்துக்கு எண்ணெய் இல்லை. ஆனால் ஒரு விஷயம். அந்த எட்டு வயசுக் குழந்தைகளில் பலர் அம்மா கையைப் பிடித்து இழுத்து வந்ததால் வந்தவர்கள். உங்களை யாரும் இழுத்து வரவில்லை. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லும் அந்த மாயாமாளவகௌளை ராக வரிசைகளிலிருந்துதான் நானூறு ஐந்நூறு வருஷமாக எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். பெரியவர்களுக்கென்று தனிக் குறுக்குவழி கிடையாது. ஆசிரியையிடம் கூச்சப்படாமல் தனி நேரம் கேளுங்கள். சம்மணம் போட்டால் முழங்கால் வலிக்கிறதா என்று அவருக்கும் கேட்கத் தயக்கமாக இருக்கும், நீங்களே சொல்லிவிடுங்கள். ஆண்டு விழா மேடையில் ஏற்றுகிறேன் என்றால் மட்டும் யோசித்துச் சொல்லுங்கள். மேடை பிடித்தால் ஏறுங்கள். இல்லாவிட்டால் பாயாசம் பரிமாறும் வேலையை வாங்கிக்கொள்ளலாம்.

*

கிடார், வாட்டர் கலர், மாடித்தோட்டம், கன்னடம். எல்லாவற்றையும் தொடங்கி மூன்றே மாதத்தில் விட்டுவிட்டேன். வீட்டில் கேலி செய்கிறார்கள்.
— வாசகர், மதுரை

கிடாரை யாராவது பையனுக்குக் கொடுத்துவிடுங்கள். சுவரில் மாட்டி வைத்தால் நாள் முழுக்க உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தோட்டம் செத்ததற்கு நீங்கள் காரணமில்லை. மதுரையில் ஏப்ரல் மாதம் மொட்டைமாடியில் விதை போட்டிருக்கிறீர்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சும்மாவா சொன்னார்கள்? கன்னடம் எதற்காகக் கற்றீர்கள் என்று எழுதவே இல்லை. அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

*

இரண்டு இதழ்களுக்கு முன் உங்கள் மனைவி வயலின் மறுபடி கற்பதாக எழுதியிருந்தீர்கள். எப்படிப் போகிறது? உங்கள் ரேடியோ என்ன ஆயிற்று?
— வாசகி, மயிலாடுதுறை

ரேடியோ இருக்கிறது. பேசத்தான் ஆள் குறைந்துவிட்டது, அதாவது அந்தப் பக்கம். 1941-ல் தொடங்கிய தமிழோசை 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு வானொலியில் நின்றுபோனது. மறுநாள் 9.15-க்கு அதே அலைவரிசையில் முள்ளைத் திருப்பி, வெறும் இரைச்சலைக் கொஞ்ச நேரம் கேட்டேன். பழக்கம் அப்படி. நாலைந்து நாள் கழித்து மனைவி வந்து, "இந்த நேரத்துல உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டு முன்னறையை எடுத்துக்கொண்டார். அதிலிருந்து ஒன்பதே கால் அவருடையது. பாத்திரம் நான் கழுவுகிறேன். பறவை பார்ப்பது காலையில், நடைக்குப் போகும்போது, உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில்.

வாசிப்பு எப்படி என்று கேட்டீர்கள். புது வில், புதுத் தந்தி, மறுபடி சரளியிலிருந்து ஆரம்பித்து இப்போது வர்ணத்துக்கு வந்திருக்கிறார். நன்றாக வாசிக்கிறாரா என்று சொல்லும் அளவுக்கு எனக்குச் சங்கீதம் தெரியாது. உங்களுக்காக நேற்று ராத்திரி கொஞ்சம் கேட்டுவிட்டு வந்து எழுதலாம் என்று, கையைத் துடைத்துக்கொண்டு போய் வாசலில் நின்றேன். எழுந்து வந்து கதவைச் சாத்திவிட்டார்.